இரண்டு கப்பலில் எதில் ஏறுவது? போய் வந்தவர்கள் அனுபவம் சொல்லுங்கள்

முதல்பயணம்:

எல்லோருக்கும் வணக்கம். குரூஸ் கப்பலில் எங்கள் வீட்டில் யாருமே இதுவரை ஏறியதில்லை. வருகிற ஜூலையில் ஏழு இரவு மத்தியதரைக் கடலில் போகலாம் என்று முடிவு செய்து, ஆறு வாரமாகத் தேடி, கடைசியில் இரண்டு கப்பலில் வந்து நிற்கிறேன். இதற்கு மேல் என்னால் நகர முடியவில்லை.

முதல் கப்பல் புதியது, பெரியது. சுமார் 2,05,000 டன், அறைக்கு இருவர் என்ற கணக்கில் 5,200 பேர். சறுக்குக் குழாய், பனிச்சறுக்குத் தளம், எண்ணி முடியாத உணவகங்கள். இரண்டாவது கப்பல் இருபது வயதைத் தாண்டியது. 75,000 டன், 1,900 பேர். ஒரு நீச்சல் குளம், ஓர் அரங்கம், அவ்வளவுதான். பெரியது பார்சிலோனாவில் கிளம்பி மார்செய், சிவிதாவெக்கியா, நேப்பிள்ஸ் என்று போகும். சிறியது கிரீஸின் பிரேயஸில் கிளம்பி சாண்டோரினி, கோர்ஃபு, டுப்ரோவ்னிக் பக்கம் போகும்.

நாங்கள் ஐந்து பேர். நான், கணவர், 12 வயதுப் பையன், 7 வயதுப் பெண், 71 வயது அம்மா. அம்மா நடப்பார், ஆனால் முழங்கால் வலி உண்டு, படி ஏறுவது சிரமம். 31 வரிசையில் ஒரு அட்டவணை போட்டு வைத்திருக்கிறேன். பெரிய கப்பல்தான் எல்லா வரிசையிலும் ஜெயிக்கிறது. ஆனாலும் மனம் ஒப்பவில்லை, ஏன் என்றும் தெரியவில்லை. போய் வந்தவர்கள் உங்களுக்கு நடந்ததைச் சொன்னால் உதவியாக இருக்கும்.

நடுத்தளம்:

ஒன்பது முறை போயிருக்கிறேன். உங்கள் முதல் வரிசையிலிருந்தே ஆரம்பிக்கிறேன், ஏனென்றால் நானும் அங்கேதான் தவறினேன்.

டன் என்றதும் கப்பலின் எடை என்றுதான் நான் நினைத்தேன். எடை கூடினால் கப்பல் ஆடாது, ஆகவே டன் அதிகமான கப்பல் நல்லது என்று முதல் பயணத்தைப் பதிவு செய்தேன். பிறகுதான் தெரிந்தது, விளம்பரத்தில் வருகிற கிராஸ் டன்னேஜ் எடையே இல்லை. கப்பலுக்குள் மூடப்பட்டிருக்கும் இடத்தின் கன அளவை வைத்து வருகிற எண் அது. 1969இல் போட்ட சர்வதேச ஒப்பந்தப்படி எல்லா நாட்டுக் கப்பல்களுக்கும் இப்படித்தான் கணக்கிடுகிறார்கள். டன்னை மட்டும் பார்த்தால் பெட்டி எவ்வளவு பெரியது என்று தெரியும். அதில் எத்தனை பேரை வைக்கிறார்கள் என்பது தெரியாது.

அதனால் டன்னைப் பயணிகள் எண்ணிக்கையால் வகுத்துப் பாருங்கள். ஸ்பேஸ் ரேஷியோ என்பார்கள். 30க்குக் கீழே வந்தால் நெரிசலை உணர்வீர்கள், 40ஐத் தாண்டினால் தாராளம். 2024 ஜனவரியில் பயணம் தொடங்கிய ஐகான் ஆஃப் த சீஸ் 2,48,663 டன், அறைக்கு இருவர் வீதம் 5,610 பேர். வகுத்தால் 44. அதே கப்பலில் சோபா, மேல்படுக்கை எல்லாம் நிரம்பினால் 7,600 பேர் வரை ஏறலாம். அப்போது அந்த 44, 33 ஆகிவிடும். குயின் மேரி 2 சுமார் 1,49,000 டன், 2,691 பேர், வகுத்தால் 55. வைக்கிங் ஸ்டார் 48,000 டன்கூட இல்லை, ஆனால் 930 பேர்தான், அங்கே 51 வருகிறது. சின்னக் கப்பல் நெரிசலானது, பெரிய கப்பல் விசாலமானது என்று பொதுவாகச் சொல்லவே முடியாது.

இந்த இருவர் கணக்கை நம்பி நான் பட்டதைச் சொல்கிறேன். நடுத்தரக் கப்பல் ஒன்றில் பள்ளி விடுமுறை வாரத்தில் போனோம். விளம்பரப் புத்தகத்தில் இருந்த எண்ணை வகுத்தால் 38 வந்தது. ஏறிப் பார்த்தால் அறைக்கு நான்கு பேர். கரை தொடாத நாளில் காலை எட்டு மணிக்கே குளத்தைச் சுற்றி ஒரு நாற்காலிகூட இல்லை. எல்லாவற்றிலும் துண்டும் செருப்பும் போட்டு இடம் பிடித்திருந்தார்கள். என் மனைவி புத்தகத்தைக் கையில் வைத்துக்கொண்டு கால் மணி நேரம் நின்றாள். நீங்கள் போவது ஜூலை. அதனால் இரண்டு கப்பலிலும் அதிகபட்சம் எத்தனை பேர் என்று கேட்டு, அந்த எண்ணால் வகுங்கள்.

முதல்பயணம்:

உடனே ஏஜென்டைக் கூப்பிட்டுக் கேட்டேன். பெரியதில் அதிகபட்சம் 6,500, சிறியதில் 2,300. வகுத்தால் முதலாவது 31.5, இரண்டாவது 32.6. கிட்டத்தட்ட ஒன்றேதான்! இந்த வரிசையாவது முடிவைச் சொல்லும் என்று நினைத்தேன்.

அப்பாவுடன்:

உங்கள் அம்மாவைப் பற்றிப் படித்ததும் இதை எழுதாமல் இருக்க முடியவில்லை அக்கா.

மூன்று வருடத்துக்கு முன்னால் அப்பாவை அழைத்துப் போனேன். வீட்டுக்குள் நடப்பார், வெளியே சக்கர நாற்காலி. கப்பலில் சக்கர நாற்காலிக்கான அறை இருந்தது, சாய்வுப் பாதை இருந்தது, எல்லாம் விசாரித்துத்தான் எடுத்தேன். துறைமுகங்களைப் பற்றி மட்டும் விசாரிக்கவில்லை. ஏழு நாளில் இரண்டு இடத்தில் கப்பல் கரையில் கட்டப்படவே இல்லை. தூரத்தில் நங்கூரம் போட்டு நின்றது, சிறு படகில்தான் கரைக்கு அழைத்துப் போனார்கள். டெண்டர் என்று அட்டவணையில் ஒரு சின்ன எழுத்து இருந்திருக்கிறது. நான் அதைப் பார்த்தும் என்னவென்று கேட்காமல் விட்டுவிட்டேன்.

படகு அலையில் மேலும் கீழும் போகும். கப்பலின் பக்கவாட்டு வாசலுக்கும் படகுக்கும் நடுவில் ஓர் அடி வைக்க வேண்டும், அந்த ஓரடி நிலையாக நிற்காது. அப்பாவின் நாற்காலியைப் பார்த்ததும் ஊழியர்கள் மரியாதையாகவே மறுத்தார்கள். அவர்கள் சொன்னது சரிதான். அப்பா மேல்தளத்தில் உட்கார்ந்து ஊரைத் தூரத்திலிருந்து பார்த்தார். "நீ போய்ட்டு வாம்மா, நான் இங்கயே இருக்கேன்" என்றார். நான் போகவில்லை. அந்த இரண்டு நாளும் அவர் என்னைத் தடுத்துவிட்டதாக நினைத்து வருந்தினார். எனக்கு இன்றுவரை அதுதான் உறுத்தல்.

உங்கள் சிறிய கப்பலில் சாண்டோரினி இருக்கிறது. அங்கே எந்தப் பெரிய கப்பலும் கரையில் கட்டாது, படகுதான். இறங்கினால் மேலே ஃபிரா ஊருக்குப் போக கேபிள் கார் இருக்கிறது, இல்லையென்றால் ஐநூறுக்கும் மேற்பட்ட படிகள். கப்பல்கள் அதிகம் வரும் நாளில் கேபிள் காருக்கு வெயிலில் நீண்ட வரிசை நிற்கும். அம்மாவால் முடியுமா என்று இப்போதே யோசித்துக்கொள்ளுங்கள்.

பெரிய கப்பலிலும் ஒரு சங்கடம் உண்டு. முந்நூறு மீட்டருக்கு மேல் நீளம். அறை வாலில் இருந்து உணவுக்கூடம் தலையில் இருந்தால், முழங்கால் வலியோடு ஒரு நாளைக்கு எத்தனை முறை நடப்பார்? இரண்டு கப்பலின் தளப் படத்தையும் எடுத்து, அறையிலிருந்து லிஃப்ட் வரை விரல் வைத்துப் பாருங்கள்.

கீழ்த்தளம்:

பெரிய கப்பல் ஆடாது என்று யாராவது சொன்னால் நம்பிவிட வேண்டாம்.

எனக்குக் காரில் பின் இருக்கையில் உட்கார்ந்தாலே தலை சுற்றும். அதனாலேயே பெரிய கப்பலாகத் தேடி, அதிலும் உயரத்தில் நல்ல காட்சி வேண்டும் என்று பன்னிரண்டாம் தளத்தில் முன்பக்கம் அறை எடுத்தேன். இரண்டாம் இரவு காற்று எழுந்தது. கப்பல் பக்கவாட்டில் உருள்வதைக் குறைக்கத் தண்ணீருக்கடியில் இரண்டு பக்கமும் துடுப்பு மாதிரி ஸ்டெபிலைசர் வைத்திருப்பார்கள். அது நன்றாகத்தான் வேலை செய்தது. ஆனால் மூக்கு மேலே எழுந்து கீழே விழும் அசைவுக்கு அதனால் பெரிதாக ஒன்றும் செய்ய முடியாது. சீசாப் பலகையின் நுனியில் உட்கார்ந்த மாதிரி இரவு முழுக்க இருந்தேன். என்னுடன் வந்த நண்பர் ஐந்தாம் தளத்தில் நடுவில் இருந்தார். காலையில் "ராத்திரி காத்தடிச்சுதா?" என்று கேட்டார்.

அடுத்த முறை பாதி அளவுள்ள பழைய கப்பலில் போனேன். கீழ்த்தளம், நட்டநடு, ஜன்னல் மட்டும். குழந்தை மாதிரி தூங்கினேன். அதனால் எந்தக் கப்பல் என்பதோடு கப்பலில் எந்த இடம் என்பதையும் சேர்த்தே ஒப்பிடுங்கள். கடைசியில் கொடுக்கிற அறையை ஏற்றுக்கொள்கிறேன் என்று கட்டணம் குறைத்து வாங்கினால் அந்த இடத்தைத் தேர்ந்தெடுக்கும் உரிமை போய்விடும்.

இன்னொன்று. ஜூலை, ஆகஸ்டில் ஏஜியன் கடலில் மெல்டெமி என்ற வடக்குக் காற்று வீசும். வானம் தெளிவாக இருக்கும், காற்று மட்டும் நாள்கணக்கில் அடிக்கும். படகில் இறங்க வேண்டிய துறைமுகம் என்றால் அந்தக் காற்றில் ரத்தாகவும் வாய்ப்பு உண்டு.

இரட்டைப்பிள்ளை அம்மா:

ஒரே ஒரு விஷயம். குழந்தைகள் கிளப் வயது வாரியாகப் பிரிந்திருக்கும், எந்த வயதில் பிரிக்கிறார்கள் என்பது ஒவ்வொரு நிறுவனத்திலும் வேறு. எங்கள் அண்ணன் மகனுக்கு 12 வயது. ஒரு கப்பலில் அவனைப் பதினேழு வயதுப் பிள்ளைகளோடு சேர்த்துவிட்டார்கள். முதல் நாளே திரும்பி வந்துவிட்டான், பிறகு அந்தப் பக்கமே போகவில்லை. வேறொரு கப்பலில் 12 முதல் 14 வரை தனிப் பிரிவு இருந்தது, அங்கே இரவு பத்து மணிக்கு நாங்கள் போய்க் கூப்பிட வேண்டியிருந்தது. சறுக்குக் குழாய்க்கு உயர வரம்பு உண்டு, உங்கள் 7 வயதுப் பெண்ணை அளந்துகொண்டு விசாரியுங்கள். நிறுவனத்தின் பெயரை மட்டும் பார்த்துப் பதிவு செய்துவிடாதீர்கள். வைக்கிங் மாதிரி சிலவற்றில் 18 வயதுக்குக் கீழே யாரையும் ஏற்றுவதில்லை.

தனிப்பயணி:

எனக்கும் இதே குழப்பம் வந்தது, ஆனால் தனியாளாக. பெரும்பாலான கப்பலில் தனியாகப் போனால் இருவர் கட்டணமே கேட்பார்கள். 2010இல் வந்த நார்வீஜியன் எபிக்கில் ஒருவருக்கென்றே 128 சின்ன அறைகள் கட்டினார்கள், அதற்குப் பிறகு மற்றக் கப்பல்களிலும் ஒற்றை அறை வர ஆரம்பித்தது. தனியாகப் போகிறவர்கள் கப்பலை ஒப்பிடும்போது முதலில் பார்க்க வேண்டியது இதுதான். முதல்பயணம் அக்காவுக்குத் தேவைப்படாது, இழையைப் படிக்கிற மற்றவர்களுக்காகச் சொல்கிறேன்.

துறைமுகம் துறைமுகமாய்:

அட்டவணையில் ஊர்ப் பெயர் போட்டிருக்கிறீர்களா, துறைமுகப் பெயர் போட்டிருக்கிறீர்களா? விளம்பரத்தில் ரோம் என்று இருக்கும். கப்பல் நிற்பது சிவிதாவெக்கியாவில், ரோமிலிருந்து சுமார் 70 கிலோமீட்டர். புளோரன்ஸ் என்று இருக்கும், நிற்பது லிவோர்னோவில், சுமார் 90 கிலோமீட்டர். வெனிஸ் என்று இருக்கும். 2021 ஆகஸ்ட் 1 முதல் 25,000 டன்னுக்கு மேற்பட்ட கப்பல்கள் வெனிஸின் ஜுதேக்கா கால்வாய் வழியாக வரக்கூடாது என்று இத்தாலி அரசு தடை போட்டுவிட்டது. இப்போது மார்கெராவிலோ, டிரியெஸ்டேயிலோ, ராவென்னாவிலோ இறக்கிவிடுகிறார்கள்.

ரோமில் எனக்கு நடந்தது இது. காலை ஏழரைக்குக் கப்பல் கரை சேர்ந்தது. பேருந்துக்கு வரிசை, ஏறி ஒன்றரை மணி நேரம். மாலை ஆறரைக்குள் கப்பலில் இருக்க வேண்டும் என்பதால் மூன்றரைக்கே திரும்பக் கிளம்பினோம். ஐந்து மணி நேரத்துக்கும் குறைவாக ரோமில் இருந்தோம், அதில் கொலோசியத்தின் வெளிப்புறத்தைப் பார்த்தோம், ஒரு நீரூற்றைப் பார்த்தோம். ஆயிரம் வருடக் கனவோடு வந்த என் மாமனாருக்கு அந்த மாலை முகமே சரியில்லை.

சிறிய கப்பலின் பாதையில் கோர்ஃபு, டுப்ரோவ்னிக் இரண்டிலும் கப்பல் நிற்கும் இடத்திலிருந்து பழைய ஊர் சில கிலோமீட்டர்தான். அதுவும் டுப்ரோவ்னிக்கில் ஒரே நேரத்தில் இரண்டு கப்பலுக்கு மேல் வேண்டாம் என்று 2019 முதல் கட்டுப்பாடு இருக்கிறது, அதனால் தெருவில் நடக்க முடிகிறது. நீங்கள் போகிற தேதியில் அந்தத் துறைமுகத்துக்கு வேறு எத்தனை கப்பல் வருகிறது என்று துறைமுக அட்டவணையிலேயே பார்க்கலாம். அம்மா பின்னால் வரும்போது அது ரொம்ப முக்கியம்.

பெரியகப்பல் பிரியர்:

எல்லோரும் பெரிய கப்பலைக் குறை சொல்வதாகத் தோன்றுகிறது. எங்கள் குடும்பத்துக்கு வாழ்நாளில் கிடைத்த நல்ல வாரம் அப்படிப்பட்ட கப்பலில்தான். நாங்கள் பதினோரு பேர், மூன்று தலைமுறை. காலையில் ஆளுக்கொரு திசையில் போய்விடுவோம். பசங்கள் மேலே குளத்தில், பெண்கள் அரங்கில், நான் உடற்பயிற்சிக்கூடத்தில். இரவு ஏழரைக்கு எல்லோரும் ஒரே மேஜையில். யாரும் யாருக்காகவும் காத்திருக்கவில்லை, யாரும் யாரையும் இழுத்துக்கொண்டு போகவில்லை. சின்னக் கப்பலில் இது நடக்காது. கரைக்கு இறங்குவது எங்களுக்கு இரண்டாம் பட்சம்தான், கப்பலே ஊர் என்று வைத்துக்கொண்டு போனோம்.

ஆனால் நேர்மையாக ஒன்று சொல்ல வேண்டும். 2009இல் வந்த ஒயாசிஸ் ஆஃப் த சீஸிலிருந்து இந்த வகைக் கப்பல்களை நடுவில் பிளந்து, உள்ளேயே திறந்தவெளித் தோட்டம், கடைத்தெரு என்று கட்டுகிறார்கள். ஆயிரக்கணக்கான நிஜச் செடிகள், பறவைச் சத்தம் ஒலிபெருக்கியில் வரும். அழகுதான். சில பால்கனி அறைகள் அந்தத் தோட்டத்தைப் பார்த்தே இருக்கும், கடலைப் பார்க்காது. என் அம்மாவுக்கு அப்படி ஒரு அறை வந்துவிட்டது. மூன்றாம் நாள் என்னிடம் கேட்டார், "கடல் எந்தப் பக்கம்டா இருக்கு?" அழைத்துப் போய்க் காட்டினேன். போய்ச் சேர எட்டு நிமிடம் ஆனது.

நடுத்தளம்:

மேலே இருப்பவர் சொன்னதுதான் என் பார்வையில் இந்த இழையின் மையம். ரேஷியோ இரண்டிலும் ஒன்றாக வந்ததில் ஆச்சரியமில்லை, இடம் ஒரே அளவுதான். அந்த இடத்தை எங்கே வைத்திருக்கிறார்கள் என்பதில்தான் வித்தியாசம். புதிய பெரிய கப்பல்கள் பெரும்பாலும் உள்ளே பார்க்கின்றன. பழைய கப்பல்கள் வெளியே பார்க்கின்றன.

பழையவற்றில் பலவற்றுக்குக் கப்பலை முழுக்கச் சுற்றி வரும் நடைத்தளம் இருக்கும். தண்ணீருக்குப் பக்கத்திலேயே, மேலே கூரையோடு, சாய்வு நாற்காலிகளோடு. குயின் மேரி 2இல் ஏழாம் தளத்தில் அப்படி ஒரு சுற்று 620 மீட்டர். எனக்கு அங்கே மூன்று சுற்று நடந்தால்தான் நாள் தொடங்கும். புதிய கப்பல்களில் அந்த இடத்தை உணவகங்களுக்கும் பால்கனி அறைகளுக்கும் எடுத்துக்கொண்டு, நடைபாதையை மேல்தளத்தில் விளையாட்டு மைதானத்தைச் சுற்றி வைத்துவிடுகிறார்கள். இதில் சரி தவறு எதுவும் இல்லை. உள்ளே நடப்பதைப் பார்க்கப் போகிறவர்களும் இருக்கிறார்கள், கடலைப் பார்க்கப் போகிறவர்களும் இருக்கிறார்கள். உங்கள் ஐந்து பேரில் யார் எந்தப் பக்கம் என்று கேட்டீர்களா?

முன்னாள் ஊழியர்:

ஆறு வருடம் கப்பலில் அறைகள் பராமரிப்பில் இருந்தேன். கப்பலின் வயதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம், தண்ணீரிலிருந்து வெளியே எடுத்துப் பழுதுபார்க்கும் உலர் துறைக்குக் கடைசியாக எப்போது போனது என்று கேளுங்கள். சமீபத்தில் போய் வந்த இருபது வயதுக் கப்பலில் தரைவிரிப்பு, மெத்தை, குளியலறைக் குழாய் எல்லாம் புதிதாக இருக்கும். போக வேண்டிய தவணை நெருங்கிய எட்டு வயதுக் கப்பலில் கதவு சரியாகச் சாத்தாது. சுத்தத்துக்கு ஒரு வழி உண்டு. அமெரிக்கத் துறைமுகங்களுக்கு வந்துபோகிற கப்பல்களில் அந்நாட்டு நோய்க் கட்டுப்பாட்டு மையமான சிடிசி முன்னறிவிப்பில்லாமல் ஏறிச் சோதிக்கும். நூற்றுக்கு 86 எடுத்தால்தான் தேர்ச்சி. மதிப்பெண்ணும், என்ன குறை கண்டார்கள் என்பதும் பொதுவில் வெளியாகும். மத்தியதரைக் கடலில் கோடையைக் கழிக்கிற கப்பல்களில் பல குளிர்காலத்தில் கரீபியனுக்குப் போகின்றன, அதனால் உங்கள் இரண்டில் ஒன்றுக்காவது மதிப்பெண் இருக்கலாம். எங்கள் கப்பலில் அவர்கள் ஏறிய நாட்களில் ஐஸ் இயந்திரத்தின் உள்மூலை வரை விளக்கடித்துப் பார்ப்பார்கள்.

அடுத்தது யாரும் அட்டவணையில் எழுதாத ஒன்று. 2012 ஜனவரி 13 இரவு கோஸ்டா கான்கார்டியா என்ற குரூஸ் கப்பல் இத்தாலியின் ஜிலியோ தீவருகே பாறையில் மோதிச் சாய்ந்ததில் 32 பேர் இறந்தார்கள். அன்று மாலைதான் கப்பலில் ஏறிய பல நூறு பேருக்கு அவசரகாலப் பயிற்சி இன்னும் நடந்திருக்கவில்லை. ஏறிய 24 மணி நேரத்துக்குள் நடத்தினால் போதும் என்பது அப்போதைய விதி. இப்போது கப்பல் கிளம்பும் முன்போ, கிளம்பிய உடனேயோ நடத்தியாக வேண்டும். அந்தப் பயிற்சியில் எங்களுக்குச் சொல்லித்தந்த முதல் விஷயம், அவசரத்தில் லிஃப்ட் கிடையாது, படிதான். உங்கள் அம்மாவின் அறை பதினான்காம் தளத்தில் இருந்து, அவசரத்தில் எல்லோரும் வந்து சேர வேண்டிய கூடுமிடம் ஐந்தாம் தளத்தில் இருந்தால் முழங்கால் வலியோடு ஒன்பது மாடி இறங்க வேண்டும். இந்த மாதிரி நடக்க மிகவும் அரிது. இருந்தாலும் அவருக்கு அந்தத் தளத்துக்குப் பக்கத்திலேயே அறை எடுங்கள். பதிவு செய்யும்போதே உதவி தேவைப்படுபவர் என்று எழுதச் சொல்லுங்கள். அப்படி எழுதியவர்களுக்கு எந்த ஊழியர் போக வேண்டும் என்று எங்களிடம் பட்டியல் இருக்கும். நான் அப்படி இரண்டு பாட்டிகளுக்குப் பொறுப்பாக இருந்திருக்கிறேன், பயிற்சி நாளில் கையைப் பிடித்து இறக்கியிருக்கிறேன்.

அறை எண் வந்ததும் அதற்கு நேர் மேலேயும் கீழேயும் என்ன இருக்கிறது என்று பாருங்கள். மேலே குளத்தளம் என்றால் விடியற்காலை ஐந்து மணிக்கு நாற்காலி இழுக்கும் சத்தம் கேட்கும், அந்த வேலையை நாங்கள்தான் செய்வோம்.

முதல்பயணம்:

எல்லோருக்கும் நன்றி. முன்னாள் ஊழியர் சார், நீங்கள் எழுதியதை இரண்டு முறை படித்தேன்.

நேற்று இரவு அம்மாவிடம் கேட்டேன். ஆறு வாரமாக அம்மாவுக்காக எத்தனையோ வரிசை எழுதினேன், சக்கர நாற்காலி வாடகை வரைக்கும். அம்மாவிடம் ஒரு கேள்வி கேட்கவில்லை. "கப்பல்ல போய் என்னம்மா பண்ணணும்னு ஆசை?" என்றேன். யோசிக்கவே இல்லை. "கடலப் பாத்துட்டு உக்காந்திருக்கணும். ஊர் சுத்தறது நீங்க பாத்துக்குங்க" என்றார். சாண்டோரினியில் இறங்க முடியாமல் போகுமே என்று 'அப்பாவுடன்' என்ற பெயரில் தங்கை எழுதியதை விளக்கினேன். "நான் எதுக்கு இறங்கணும்? மலை கப்பல்லேர்ந்தே தெரியும்ல?" என்றார். தங்கையின் அப்பாவுக்கு இறங்க ஆசை இருந்தது. என் அம்மாவுக்கு இல்லை.

பையனிடமும் கேட்டேன். சறுக்குக் குழாய் என்றான். அதையும் மறைக்காமல் சொல்கிறேன். பெண்ணுக்கு நீச்சல் குளம் எங்கே இருந்தாலும் போதும்.

கப்பல் நிறுவனத்தில் விசாரித்தேன். சிறியதில் கப்பலைச் சுற்றி வரும் நடைத்தளம் இருக்கிறது, மூன்றாம் தளத்தில். கூடுமிடமும் அதே தளம். போன வருடம்தான் உலர் துறைக்குப் போய் வந்திருக்கிறது. 12 முதல் 14 வரை தனிப் பிரிவு ஜூலையில் நடக்கும் என்றார்கள். பதிவு செய்துவிட்டோம். அம்மாவுக்கும் பெண்ணுக்கும் நான்காம் தளம் நடுவில் ஜன்னல் அறை. மூன்றாம் தளத்து ஜன்னல் வேண்டாம் என்று ஏஜென்டே சொன்னார், வெளியே நடப்பவர்கள் எட்டிப் பார்த்துக்கொண்டே போவார்களாம். நான்காவதில் எந்தெந்த அறையின் பார்வையை உயிர்காப்புப் படகு மறைக்கும் என்று பார்த்து, அவற்றையும் தவிர்த்தோம்.

முதல்பயணம் (ஜூலை கடைசி):

போய் வந்துவிட்டோம். கேட்டவர்களுக்காக நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

'கீழ்த்தளம்' இங்கே சொன்ன மெல்டெமி காற்று வந்தது. சாண்டோரினியில் காலையில் கப்பல் எரிமலை வாய்க்குள் நுழைந்து ஒரு மணி நேரம் காத்திருந்தது. படகு ஓட்ட முடியாது, இங்கே இறங்கவில்லை என்று கேப்டன் அறிவித்தார். துறைமுக வரியைத் திருப்பித் தந்தார்கள், வேறு இழப்பீடு இல்லை. அது பயண ஒப்பந்தத்திலேயே இருக்கிறது, பாதுகாப்புக்காகப் பாதையை மாற்ற கேப்டனுக்கு உரிமை உண்டு. கணவருக்கு மிகவும் வருத்தம், அவர் இந்தப் பாதையைத் தேர்ந்தெடுத்ததே அந்த ஊருக்காகத்தான். கப்பல் மெதுவாகத் திரும்பி வெளியேறும்போது பாறைச் சுவர் முழுவதும், மேலே வெள்ளை வீடுகள் வரிசையாக, நடைத்தளத்தின் பக்கமாக நகர்ந்து போனது. அம்மா எழுந்து கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். அரை மணி நேரம் உட்காரவே இல்லை.

பையனுக்கு இரண்டு மாலை போரடித்தது. கிளப்பில் அவன் வயதில் ஐந்தே பேர். மூன்றாம் நாளிலிருந்து சரியாகிவிட்டது, ஆனால் பெரிய கப்பலில் அவன் இன்னும் சந்தோஷமாக இருந்திருப்பான் என்பது எனக்குத் தெரியும். அவனுக்கு அடுத்த பயணம் என்று வாக்குக் கொடுத்திருக்கிறேன், அதற்கு அந்தக் கப்பலைத்தான் எடுப்போம்.

டுப்ரோவ்னிக்கில் அம்மா இறங்கினார். தானாகவே கேட்டார். பேருந்தில் பழைய ஊரின் பிலே வாசல் வரை போய், உள்ளே சமமான கல் தெருவில் கால் மணி நேரம் நடந்து, நிழலில் உட்கார்ந்தார். மற்ற நாட்களில் காலை ஆறு மணிக்கே நடைத்தளத்தில் இடது பக்கம் மூன்றாவது நாற்காலி. நாலாம் நாளிலிருந்து அங்கே துடைக்க வரும் ஊழியர் அந்த நாற்காலியை முதலில் துடைத்துவிட்டுப் போனார். பெண் எழுந்ததும் பாட்டியைத் தேடி நேராக அங்கேதான் ஓடுவாள், அறைக்கும் அதற்கும் ஒரு மாடிதான்.

ஊருக்கு வந்து பெட்டியைப் பிரிக்கும்போது அம்மா கேட்டார், பையனுக்காகப் போகிற அந்தப் பெரிய கப்பலில் இந்த மாதிரி ஒரு நாற்காலி எந்தத் தளத்தில் இருக்கும் என்று. தளப் படத்தைத் திறந்து வைத்துத் தேடிக்கொண்டிருக்கிறேன். பெரியகப்பல் பிரியர் சார், உங்களுக்குத் தெரிந்தால் சொல்லுங்கள்.

பெரியகப்பல் பிரியர்:

இருக்கிறது. ஒயாசிஸ் வகை என்றால் ஐந்தாம் தளத்தில் உயிர்காப்புப் படகுகளை ஒட்டி வெளிப்பக்கம் போய்ப் பாருங்கள். ஓடுபவர்களுக்காகப் பாதை போட்டிருப்பார்கள், கூட்டமே இருக்காது. பின்பக்கம் கடைசி வரை போனால் கப்பல் விட்டுச் செல்லும் நுரைத்தடம் தெரியும். என் அம்மா மீதி நான்கு நாளும் அங்கேதான் இருந்தார்.